கைலி, தோர்த்து, வயல் சட்டை: உழைப்புத் துணியில் பெண்களுக்கு உடுப்பு தைப்பது எப்படி?

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கம் எந்தத் தையல் கடைக்குப் போய் "கைலியில் குர்தி தைக்கணும்" என்று கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்பு வரும். அப்புறம் "நைட்டிதானே?" என்று கேட்பார்கள். நைட்டி இல்லை, வெளியே போட்டுப் போகிற குர்தி என்றால் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பார்டரை வெட்டித் தூக்கிடலாமா?" என்பார்கள். அங்கேதான் காரியம் கெடுகிறது.

உழைப்புத் துணியில் உடுப்பு தைக்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கரையை வெட்டாதீர்கள். கைலி, தோர்த்து என்கிற கேரளத்து மெல்லிய துண்டு, முண்டு என்கிற வேட்டி எல்லாமே தறியிலிருந்து இறங்கும்போதே முழு உடையாக இறங்குபவை. அவற்றின் அகலம், கரை, கட்டம் எல்லாம் ஓர் உடம்பைக் கணக்கில் வைத்துத்தான் நெய்யப்படுகின்றன. அதை வெறும் மீட்டர் துணியாக நினைத்து, சுடிதார் பேட்டர்னை மேலே விரித்து வளைத்து வளைத்து வெட்டினால் கடைசியில் மிஞ்சுவது ஒரு மட்டமான சுடிதார். துணி எப்படித் தொங்கிப் பழகியதோ அப்படியே தொங்கவிட்டுத் தைத்தால், பாதி டிசைன் வேலையை நெசவாளியே முடித்து வைத்திருப்பது தெரியும்.

நேர்த் தையல் போடத் தெரிந்தால் இதைச் செய்யலாம். ரவிக்கை வெட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால், ரவிக்கை வெட்டிப் பழகியவர்கள்தான் கத்தரியை வளைக்காமல் இருக்கக் கஷ்டப்படுவார்கள்.

துணியைத் தேர்ந்தெடுப்பது

புதிதாகத் தொடங்குபவர்கள் கைலியில் தொடங்குங்கள். இரண்டு மீட்டர் நீளம், நாற்பத்தைந்திலிருந்து நாற்பத்தெட்டு இஞ்சு அகலம் இருக்கும். விலையும் கட்டுப்படியாகும். வெட்டில் கை தவறினாலும் தலையில் இடி விழாது. கடையில் மூட்டாத, அதாவது இரண்டு முனையையும் சேர்த்துத் தைக்காத கைலியாகக் கேட்டு வாங்குங்கள். மூட்டியது வந்துவிட்டால் அந்தத் தையலைப் பிரித்துக்கொள்ளலாம். பர்ரென்று கிழிக்க வேண்டாம், ஓரத்து இழைகள் இழுத்துக்கொள்ளும்.

பாலக்காட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு ஈரோடு ஜவுளிச் சந்தை வசதி. திங்கட்கிழமை ராத்திரி கூடி செவ்வாய் வரை நடக்கும். ஆந்திர எல்லையில் இருப்பவர்களுக்குக் குடியாத்தம் கைலி பக்கத்திலேயே கிடைக்கும், நகரியிலும் தறிகள் நிறைய. முண்டும் தோர்த்தும் கைத்தறியிலேயே வேண்டுமென்றால் திருவில்வாமலைக்கு அருகே பாரதப்புழைக் கரையில் இருக்கும் குத்தாம்புள்ளிக்குப் போகலாம். கன்னட தேசத்திலிருந்து வந்து குடியேறிய தேவாங்கர் நெசவாளர்களின் ஊர் அது. அந்த ஊர் முண்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

வாங்கும்போது விரலால் துணியின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். நாடா, அதாவது குறுக்கு இழையைக் கொண்டுபோகும் கட்டை, ஓடும் தறியில், அது கைத்தறியோ விசைத்தறியோ, ஊடை என்கிற அந்தக் குறுக்கு இழை ஓரத்துக்குப் போய் வளைந்து திரும்பி வரும். அதனால் ஓரம் மூடி, வழவழவென்று இருக்கும். நாடா இல்லாத நவீன ரேப்பியர் தறியில் ஒவ்வொரு ஊடையும் ஓரத்தில் வெட்டப்படுவதால் அங்கே குச்சம் போல இழைகள் துருத்திக்கொண்டு நிற்கும். கீழே சொல்லப்போகிற முறைக்கு மூடிய ஓரம்தான் வேண்டும். குச்சம் நிற்கும் துணி கெட்ட துணி என்று அர்த்தமில்லை. ஆனால் அதை மடித்துத்தான் தைக்க முடியும், நம் வேலை இரட்டிப்பாகும்.

பாலியெஸ்டர் கலந்ததா என்று சந்தேகம் வந்தால் ஓரத்து இழை ஒன்றை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து, ஊதினால் பறக்கிற சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கடுகு போல உருண்டுவிடும். பாலியெஸ்டர் கலந்த கைலி சாயம் போகாது, சுருங்காது, விற்பவருக்கு நல்லதுதான். பங்குனி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் நிற்கிறவருக்குத்தான் சிரமம்.

பழைய துணி வாங்குபவர்களுக்கு

உடுத்திப் பழகிய கைலிக்கும் வயலில் வெளுத்த சட்டைக்கும் இருக்கும் நிறம் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆனால் பழையதை வாங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது.

சும்மா கேட்காதீர்கள். "ஏங் கண்ணு, இந்தக் கந்தலை வாங்கிட்டுப் போய் என்ன பண்ணப் போறே?" என்று கேட்கும் அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டியது நம் கடமை. என்ன தைக்கப் போகிறீர்கள், என்ன விலைக்கு விற்கப் போகிறீர்கள் என்பதைச் சொல்லிவிட்டே வாங்குங்கள். காசு கொடுத்தால் சிலர் கூச்சப்படுவார்கள். பழையது இரண்டுக்குப் புதுக் கைலி ஒன்று என்று மாற்றிக்கொள்வது இரண்டு பக்கத்துக்கும் மரியாதை. இறந்தவர் துணியாக இருந்தால், அவர்களாக விரும்பித் தந்தாலொழிய தொடாதீர்கள். வீட்டுக்கு வீடு இதில் சம்பிரதாயம் மாறும்.

மருந்தடிக்கப் போட்டுப்போன சட்டையை, எவ்வளவு அழகாக வெளுத்திருந்தாலும், வாங்க வேண்டாம். பூச்சிமருந்து இழைக்குள் ஏறினால் வீட்டுச் சோப்பில் முழுதாகப் போகும் என்று நம்ப முடியாது. இதை வாய்விட்டே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள்.

வாங்கியதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கைலியில் முதலில் இளைத்துப்போவது உட்காரும் இடம்தான். அங்கே துணி சல்லடை போலத் தெரியும். இடுப்பில் முடிச்சு விழும் இடத்தில் மடிப்புக்குள் ஒளிந்திருந்த பகுதி மட்டும் புதிது போல அடர் நிறத்தில் இருக்கும். சுற்றிலும் வெளுத்து நடுவில் ஒரு கை அகலத்துக்கு நிற்கும் அந்த அடர் நீலத்தை வீணாக்காதீர்கள், நெஞ்சுப் பட்டிக்கோ பாக்கெட்டுக்கோ அதுதான் பொருத்தம். வாழைக்கறை இருந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அது போகாது. அந்த இடத்தில் பாக்கெட்டையோ ஒட்டையோ வைத்துவிடலாம்.

முதலில் தண்ணீர், பிறகு கத்தரி

புதுக் கைலியில் கஞ்சி ஏற்றியிருப்பார்கள். கடையில் மொடமொடவென்று நிற்பது துணியின் கனத்தால் அல்ல. ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காலையில் அலசினால் துணியின் உண்மையான சொரூபம் தெரியும். பருத்தி முதல் அலசலில் மூன்று முதல் ஐந்து சதவீதம் வரை சுருங்குவது சாதாரணம், அதுவும் பாவு ஓடும் நீளவாக்கில் கூடுதலாகச் சுருங்கும். ஊறவைக்காமல் தைத்துக் கொடுத்தால், சரியான அளவு குர்தியை வாங்கிப்போன பெண் அடுத்த வாரம் இறுக்கமான குர்தியோடு வாசலில் நிற்பார்.

சாயம் போகுமா என்பதற்கும் அப்போதே சோதனை. ஈரத் துணியின் ஒரு மூலையில் வெள்ளைத் துண்டை வைத்து அழுத்தித் தேயுங்கள். துண்டில் நிறம் ஏறினால், வெந்நீரில், கை பொறுக்கும் சூட்டில், தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். பருத்திக்கு இன்று போடும் சாயங்களில் இந்த வைத்தியம் பலிப்பதில்லை. இழையில் பிடிக்காமல் மேலாக ஒட்டியிருக்கும் சாயத்தை வெந்நீர்தான் வெளியேற்றும். அதற்குப் பிறகும் போய்க்கொண்டே இருந்தால் அந்தத் துணியோடு வெள்ளைத் தோர்த்தைச் சேர்த்துத் தைக்கக் கூடாது. தனி நிறமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சாயம் போவதையே பெருமையாக்கி விற்ற கதையும் உண்டு. நம் சென்னைக் கட்டம் போட்ட துணி 1950களின் கடைசியில் அமெரிக்காவுக்குப் போய், ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் சட்டையாக விற்றது. துவைத்தவுடன் ஒரு நிறம் இன்னொன்றில் இறங்கிவிட்டது. வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் "சாயம் போவதற்கு உத்தரவாதம்" என்று விளம்பரம் செய்து அதையே விற்றுத் தீர்த்தார்கள். அவர்களுக்கு விளம்பரக்காரர்கள் இருந்தார்கள். நமக்கு அந்த வசதி இல்லை, அலசிவிட்டே தைப்போம்.

ஒரே கைலியில் ஒரு குர்தி: வெட்டு

அலசி, லேசான ஈரத்திலேயே இஸ்திரி போட்டபின் கைலி சுமார் 76 இஞ்சு நீளமும் 45 இஞ்சு அகலமும் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். உங்களுடையது கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம், அளந்துகொள்ளுங்கள்.

கைலியை இடுப்பில் கட்டும்போது 45 இஞ்சு அகலம்தான் மேலும் கீழுமாக நிற்கிறது. நெய்த ஓரம் ஒன்று இடுப்பிலும் இன்னொன்று கணுக்காலிலும் வரும். குர்தியிலும் அப்படியே வைப்போம். கீழ் ஓரம் குர்தியின் கீழ் விளிம்பாகும், மேல் ஓரம் தோளாகும். கீழே மடித்துத் தைக்க வேண்டாம், தோளில் பிசிறும் வராது.

அளவு கணக்கு எளிது. மார்புச் சுற்றளவோடு 6 இஞ்சு தளர்வு கூட்டி, பாதியாக்கி, தையலுக்கு 1 இஞ்சு சேருங்கள். 36 மார்புக்கு 42, அதில் பாதி 21, தையலோடு 22. இதுதான் ஓர் உடம்புத் துண்டின் அகலம்.

1. துணியைத் தரையில் நீளவாக்கில் விரியுங்கள். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் நெய்த ஓரத்தில் ஒரு கை அகலத்துக்கு ஒன்றாகச் சாக்பீஸால் சின்னச் சின்னப் பெருக்கல் குறி போட்டுக்கொள்ளுங்கள். அதுதான் கீழ்ப் பக்கம்.

2. இடது முனையிலிருந்து 22 இஞ்சு அளந்து, ஓர் இழையை உருவி, அந்தக் கோட்டிலேயே மேலிருந்து கீழ் வரை வெட்டுங்கள். கட்டம் போட்ட கைலியானால் கட்டக் கோடே வழிகாட்டும். இது முன்துண்டு. அடுத்த 22 இஞ்சு பின்துண்டு. 44 இஞ்சு போயிற்று, 32 இஞ்சு மிச்சம்.

3. மிச்சத்தில் 18 இஞ்சு அளந்து வெட்டுங்கள். அந்த 18க்கு 45 துண்டில், மேல் ஓரத்திலிருந்து 16 இஞ்சு ஒரு கை, கீழ் ஓரத்திலிருந்து 16 இஞ்சு இன்னொரு கை. நெய்த ஓரம் இரண்டிலும் மணிக்கட்டுப் பக்கம் வரும். அங்கேயும் மடிப்புத் தையல் மிச்சம்.

4. இரண்டு கைகளுக்கும் நடுவில் 18க்கு 13 இஞ்சில் ஒரு துண்டு நிற்கும். 7க்கு 8 அளவில் இரண்டு பாக்கெட் அதில் வரும்.

5. கடைசியாக நிற்பது 14 இஞ்சு அகல, 45 இஞ்சு நீளத் துண்டு. கழுத்துப் பட்டிக்கு 12க்கு 12 எடுத்துக்கொண்டு மீதியைப் பத்திரமாக வையுங்கள். நாளை கிழிந்தால் ஒட்டுக்கு அதே துணி வேண்டும்.

கைலியில் கழிவு என்று எதுவும் இல்லை, கவனித்தீர்களா? 46 மார்பு வரை ஒரே கைலியில் வரும். 46க்கு ஓர் உடம்புத் துண்டு 27 இஞ்சு, கையை 20 இஞ்சு அகலமாக வெட்டினாலும் இடம் இருக்கும், கழுத்துப் பட்டியை மட்டும் தோர்த்தில் எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு மேல் உள்ள அளவுகளுக்கு, பக்கவாட்டில் வேறு நிறக் கைலியில் 4 இஞ்சுப் பட்டை கொடுங்கள். நிறத்தை நன்றாகத் தேர்ந்தெடுத்தால் எல்லா அளவுக்குமே அந்தப் பட்டையைக் கேட்டு வருவார்கள்.

தையல் போக நிற்கும் 44 இஞ்சு நீளம் அதிகமாகத் தோன்றினால் தோள் பக்கத்தில் குறையுங்கள். கீழ் ஓரத்தில் கை வைக்காதீர்கள்.

தோளில் சரிவு வெட்டவில்லையே என்று தையல் தெரிந்தவர்கள் கேட்பார்கள். வேண்டாம். 21 இஞ்சு அகலத் துண்டு தோளைத் தாண்டிக் கையில் மூன்று நான்கு இஞ்சு இறங்கித்தான் நிற்கும். அதனால்தான் கையை 16 இஞ்சோடு நிறுத்தினோம், போட்டால் முழங்கைக்குக் கீழே முக்கால் கையாக வரும். தோளை நேராக விட்டால் முன்கட்டமும் பின்கட்டமும் தோளில் ஒரே கோட்டில் சேரும்.

கழுத்து: முன்துண்டின் மேல் ஓரத்தில் நடுவைக் குறித்து, இரண்டு பக்கமும் மூன்றரை இஞ்சு, ஆழம் 4 இஞ்சு, அதன் அடியில் நேராக 4 இஞ்சுக் கீறல். பின்துண்டில் 1 இஞ்சு ஆழம் போதும். குர்தி முழுவதிலும் கத்தரி வளைவது இங்கே மட்டும்தான். முதலில் சின்னதாக வெட்டி, தலையை விட்டுப் பார்த்து, பிறகு பெரிதாக்குங்கள்.

தைக்கும் வரிசை

மெஷினில் 14ஆம் நம்பர் ஊசி, பருத்தி நூல் அல்லது நல்ல ஸ்பன் நூல். பழைய, இளைத்த துணியானால் 11ஆம் நம்பர்.

கழுத்து வெட்டும் முன் பாக்கெட்டைத் தட்டையாக இருக்கும்போதே முன்துண்டில் வைத்துத் தைத்துவிடுங்கள். பிறகு தோள்கள். கழுத்துக்குப் பட்டியை நல்ல பக்கத்தின் மேல் வைத்துத் தைத்து, வளைவில் சின்னச் சின்ன வெட்டுக் கொடுத்து, உள்ளே திருப்பி இஸ்திரி போடுங்கள். கழுத்து நன்றாக உட்கார்வது தையலைவிட இந்த இஸ்திரியில்தான் இருக்கிறது. கைத்துண்டின் நடுவைத் தோள் தையலோடு பொருத்தி, இரண்டு பக்கமும் எட்டரை இஞ்சு வரை தைக்கவும். கடைசியில் கையின் அடியில் தொடங்கி, அக்குளைத் தாண்டி, பக்கவாட்டில் 16 இஞ்சு வரை ஒரே ஓட்டமாகத் தையுங்கள். அதற்குக் கீழே இரண்டு பக்கமும் திறந்திருக்கும். அந்தத் திறப்பின் ஓரத்தைக் கால் இஞ்சு இரண்டு முறை மடித்துத் தைக்க வேண்டும். மடிப்புத் தையல் வருவது அங்கே மட்டும்தான்.

பக்கத் தையலின்போது முன்னும் பின்னும் பெருக்கல் குறி போட்ட ஓரமே கீழே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் குறுக்குக் கோடுகள் தாமாகவே பொருந்தும். ஒன்று தலைகீழாகப் போனால் கட்டம் விலகிவிடும், பத்தடி தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்.

வயலிலோ தோட்டத்திலோ கையைத் தூக்கி வேலை செய்பவர்களுக்குத் தைத்தால், அக்குளில் நாலரை இஞ்சுச் சதுரத் துண்டு ஒன்றைச் சாய்சதுரமாக வைத்துத் தைக்கலாம். கை தாராளமாகத் தூக்க வரும். இரண்டாவது மூன்றாவது குர்தியில் அதைப் பழகிக்கொள்ளலாம், முதலாவதில் வேண்டாம்.

கைவேலை எங்கே வேண்டும்?

கைவேலை மாதிரித் தெரிய வேண்டும் என்று கழுத்தைச் சுற்றிப் பூ, கையில் பூ, கீழே யானை என்று நிரப்புவது இப்போது எங்கும் நடக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. கட்டமே பேசுகிற துணி, அதன் மேல் இன்னொரு சத்தம் எதற்கு?

உழைப்புத் துணியில் கைத்தையல் எங்கே இருந்தது என்று பார்த்தாலே இடம் தெரிந்துவிடும். கிழிந்த இடத்தில், கிழியப்போகிற இடத்தில். குர்தியில் கிழியப்போகிற இடங்கள் நான்கு: பக்கத் திறப்பின் மேல்முனை, கழுத்துக் கீறலின் அடி, பாக்கெட்டின் இரண்டு மூலைகள், அக்குள். முதல் மூன்றும் வெளியே தெரிகிறவை. அங்கே எம்பிராய்டரி நூலில் மூன்று இழை எடுத்து நெருக்கமாகப் பின்தையல் போட்டு, அதன் மேல் குறுக்கே சுற்றிக் கட்டுங்கள். நூலின் நிறத்தைக் கட்டத்திலிருந்தே எடுங்கள், மிகக் குறைவாக வருகிற நிறமாகப் பார்த்து. நீலக் கைலியில் மெல்லிய மஞ்சள் கோடு ஓடினால் நூல் மஞ்சள். பாக்கெட் வாயில் ஒரு வரி நூலோட்டம் வேண்டுமானால் சேர்க்கலாம், கட்டக் கோட்டின் மேலேயே ஓட்டினால் அளவுகோலும் வேண்டாம்.

பழைய துணியில் இளைத்த இடங்களுக்கு உள்பக்கம் தோர்த்துத் துண்டு வைத்து, வெளியிலிருந்து வரிசை வரிசையாக நூலோட்டம் போடுங்கள். வரிசைக்கு வரிசை கால் இஞ்சு இடைவெளி போதும். நூலை இறுக்கி இழுத்தால் அலசியபின் அந்த இடம் மட்டும் சுருங்கிக் கொப்பளித்து நிற்கும். ஒவ்வொரு வரிசை முடிவிலும் துணியை விரலால் நீவிவிட்டு, முனையில் நூலைக் கொஞ்சம் தளர விடுங்கள்.

பிற சமூகத்தாரின் வேலைப்பாட்டை எடுத்து ஒட்ட வேண்டாம். நீலகிரித் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் எம்பிராய்டரிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதே மாதிரியை மெஷினில் அடித்துத் "தோடர் வேலை" என்று விற்பது தப்பு, சட்டச் சிக்கலும் வரும். வேண்டுமானால் அவர்களிடமே செய்து வாங்கி, அவர்கள் செய்தது என்று சொல்லி விற்கலாம்.

வயல் சட்டை

நாற்று நடவும் களை எடுக்கவும் போகும் பெண்கள் சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளும் ஆம்பிளைச் சட்டை, முழுக்கை, பெரும்பாலும் புருஷனுடையது அல்லது மகனுடையது. வெயிலும் நெல் தாளின் அரிப்பும் கையில் படாமல் இருக்க அது. மூணாறு, வால்பாறை எஸ்டேட்டுகளில் கொழுந்து பறிப்பவர்களும் இப்படித்தான் போடுவார்கள். பெண்கள் தாங்களாகக் கண்டுபிடித்த வேலையுடுப்பு இது. எந்த டிசைனரும் வரைந்து கொடுக்கவில்லை.

இதை மேற்சட்டையாக மாற்றுவது குர்தியைவிடச் சுலபம். காலரின் மேல்துண்டைப் பிரித்து எடுத்துவிட்டு, பட்டையை மட்டும் விடுங்கள். காலர் மடிப்பு நைந்திருக்கும், பட்டை நன்றாக இருக்கும். தோளில் வெயிலுக்கு வெளுத்ததை அப்படியே விடுங்கள். முழங்கைக்கு ஒட்டு. முன்பக்கம் கீழே இரண்டு பெரிய பாக்கெட், கைலி மிச்சத்தில். ஆம்பிளைச் சட்டையின் தோள் அகலம் பெண்களுக்கு இறங்கும். முதுகில் மேல்பட்டைக்குக் கீழே நடுவில் இரண்டு டக் பிடித்தால் அழகாக உள்ளே வரும். பட்டன்கள் ஒன்றுக்கொன்று வேறாக இருந்தால் மாற்றாதீர்கள், வயல் சட்டைக்கு அதுதான் லட்சணம். காஜா பிசிறியிருந்தால் மட்டும் கையால் திரும்ப எடுங்கள்.

ஆட்டோக்காரர்களின் காக்கிச் சட்டையிலும் இதைச் செய்யலாம். ஆனால் காக்கி கனமான துணி, மேற்சட்டையைவிடத் தோள்பைக்குத்தான் பொருத்தம்.

தோர்த்தைப் பற்றிக் கொஞ்சம். தளர்ந்த நெசவு, தண்ணீரை உறிஞ்சும், சீக்கிரம் காயும். கேரள வெயிலுக்கு அதைப்போல உள்துணி கிடையாது. ஆனால் வெட்டிய இடமெல்லாம் பிசிறும். அதனால் இரண்டு துண்டின் தப்புப் பக்கங்களையும் ஒன்றாக வைத்து முதலில் ஒரு தையல், பிசிறைக் கத்தரித்து, திருப்பிப் போட்டு இரண்டாவது தையல். பிசிறு உள்ளே அடைபட்டுவிடும். இந்த வேலைக்குப் பொறுமை இல்லாதவர்கள் தோர்த்தைப் பட்டிக்கும் ஒட்டுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

விலையும் லேபிளும்

விலை போடும் முறைக்கு ஓர் உதாரணம்: கைலி 280 ரூபாய். நூல், லேபிள், பை 40. வெட்டு, தையல், கைவேலை, இஸ்திரி சேர்த்து ஐந்து மணி நேரம், மணிக்கு 90 வீதம் 450. கரண்ட், மெஷின் தேய்மானம் 30. ஆக 800. விற்காமல் நிற்பதற்கும் திருத்திக் கொடுப்பதற்கும் கால் பங்கு சேர்த்தால் 1000. சொந்தக் கை வேலைதானே என்று அந்த 450ஐ விட்டுவிட்டு 400க்கு விற்பவர்கள் ஆறு மாதத்தில் மெஷினை மூடிவிடுவார்கள். பக்கத்தில் நேர்மையாக விலை வைத்தவருக்கும் அது கேடு.

லேபிளில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில் கறாராக இருங்கள். சில வகை லுங்கிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி 1985இலேயே சட்டம் வந்திருக்கிறது. ஆனாலும் கடைகளில் தொங்குவதில் பெரும்பகுதி விசைத்தறி. விசைத்தறிக் கைலியில் தைத்துவிட்டுக் "கைத்தறி" என்று போடாதீர்கள். "விசைத்தறிப் பருத்தி, மெஷின் தையல், முனைகளில் கைத்தையல்" என்று எழுதினால் யாரும் வாங்காமல் போய்விட மாட்டார்கள். கைத்தறித் துணிதான் என்றால், 2006இலிருந்து மத்திய அரசின் கைத்தறி முத்திரை இருக்கிறது. அந்த முத்திரையோடு துணி வாங்கி, அந்த விவரத்தைச் சொல்லி விற்கலாம்.

பாலக்காட்டுப் பக்கம், கேரள அரசின் பெண்கள் திட்டமான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டத்தில் (அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுவில்) இருப்பவர்கள் குடும்பஸ்ரீ ஸ்டால்களில் வைக்கலாம், ஓணத்துக்கு முந்திய வாரங்களே நல்ல பருவம். தமிழ்நாட்டுப் பக்கம் தீபாவளியைவிடப் பொங்கலுக்குத்தான் இது போகும். தீபாவளிக்கு எல்லோருக்கும் ஜிகினா வேண்டும். எல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு சங்கதி: கொழிஞ்சாம்பாறையில் தைத்து, கூப்பிடு தூரத்தில் இருக்கும் தமிழ்நாட்டுக் கடைக்குச் சரக்காக அனுப்பினால் அது மாநிலம் தாண்டிய விற்பனை. உள்ளூரில் விற்பதற்கு இருக்கும் விற்றுவரவு வரம்புச் சலுகை அதற்குப் பொருந்தாமல் போகலாம். சில கைவினைப் பொருள்களுக்கு விலக்கு உண்டு, உங்கள் சரக்கு அதில் வருமா என்று ஜிஎஸ்டி பார்க்கும் கணக்கரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

ஒவ்வொரு உடுப்போடும் ஒரு சீட்டு வையுங்கள், தமிழில் ஒரு பக்கம், மலையாளத்தில் ஒரு பக்கம். இவ்வளவு எழுதினால் போதும்: முதல் இரண்டு முறை தனியாக அலசவும். உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் காயவைக்கவும். ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடவும். கிழிந்தால் கொண்டுவரவும், இதே துணியில் ஒட்டுப் போட்டுத் தருகிறோம். அதற்குத்தான் அந்த 14 இஞ்சுத் துண்டின் மீதியை, எந்தக் குர்தியுடையது என்று எழுதி, சுருட்டி வைக்கச் சொன்னேன்.